வலிக்கிறது, உஸ்தாத்

ராணுவத்திலிருந்து விடுப்பில் ஊருக்கு வந்து பத்து நாள் ஆகிறது. விடியற்காலை நான்கரை மணிக்கு எங்கள் வீட்டு வாசலைத் தாண்டிக் காலடிச் சத்தம் போகிறது. ராயக்கோட்டை மலைக்கோட்டைப் படிகளில் ஏறி இறங்கிப் பழகும் பையன்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு நானும் அப்படித்தான் ஓடினேன். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். நான் இருக்கும் பிரிவு, ஊர், பயிற்சி பெற்ற மையம் எதையும் எழுதக் கூடாது, எழுதவும் மாட்டேன். ஊரிலிருந்து இரண்டு இரவு ரயில் பயணம் என்பது மட்டும் போதும்.

நான்கு ஆண்டுக்கு ராணுவத்தில் சேர்க்கும் அக்னிவீர் தேர்வில் 1.6 கிலோமீட்டர் ஓட்டத்தை 5 நிமிடம் 30 விநாடிக்குள் முடித்தால் 60 மதிப்பெண். பத்து முறை கம்பியில் தொங்கி எழுந்தால் 40. ஒன்பது அடிப் பள்ளத்தைத் தாண்ட வேண்டும், வளைந்து வளைந்து போகும் குறுகலான கட்டை மேல் விழாமல் நடக்க வேண்டும். எங்கள் தக்காளித் தோட்டத்து வரப்போரம் அப்பாவே மண்வெட்டி எடுத்துப் பள்ளம் வெட்டிக் கொடுத்தார். அந்த ஆண்டு தக்காளிக்கு விலையில்லை. பறிகூலிக்குக்கூடக் கட்டாது என்று செடியிலேயே விட்டுவிட்டோம். பழம் அழுகும் வாடைக்கு நடுவில் தினம் நாற்பது முறை அந்தப் பள்ளத்தைத் தாண்டினேன். 2023இல் முதலில் கணினி வழித் தேர்வு, பிறகு உடல்தகுதித் தேர்வு, மருத்துவப் பரிசோதனை. எல்லாம் தேறியது. தேறிய கதையைச் சொல்லப் பலர் இருக்கிறார்கள். எனக்குச் சொல்ல வேண்டியது அதற்குப் பிறகு நடந்தது.

பயிற்சி 31 வாரம். முதல் சில வாரம் உடம்பைவிடக் காதுக்குத்தான் வேலை அதிகம். சாவ்தான், விஷ்ராம், பீச்சே முட் என்று கட்டளை எல்லாம் இந்தியில் வரும். எங்கள் பகுதியில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் காதில் விழுந்தே வளர்கிறோம், இந்தி விழுவதில்லை. பக்கத்தில் நிற்பவன் திரும்பினால் நானும் திரும்புவேன். ஒருவன் தவறாகத் திரும்பினால் மொத்தப் படைப்பிரிவுக்கும் ரகடா, அதாவது தண்டனைப் பயிற்சி. முழங்கையில் தவழ்ந்து மைதானத்தின் அந்த முனை வரை போக வேண்டும். முதலில் எனக்கு இது அநியாயமாகப் பட்டது. போகப் போகத்தான் புரிந்தது. நான் தூங்கும்போது காவல் நிற்பவன் கண்ணயர்ந்தால் தண்டனை அவனோடு நிற்காது. போர்வையின் நான்கு முனையும் ஒன்றாக நிற்க வேண்டும் என்று உஸ்தாத் அளந்து பார்ப்பதும் அதே பாடம்தான். பயிற்சி தருபவரை அங்கே உஸ்தாத் என்றுதான் கூப்பிட வேண்டும்.

ஆறாவது வாரம் இடது கால் முன் எலும்பில் வலி தொடங்கியது. முதலில் ஓடும்போது மட்டும், பிறகு நடக்கும்போதும். எட்டாவது வாரம் படுத்திருக்கும்போதே விண் விண் என்று தெறித்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. கிரேப் துணியை இறுக்கிச் சுற்றி அதன் மேல் காலுறை போட்டுக்கொள்வேன். பக்கத்துக் கட்டில் நண்பன் கொடுத்த வலி மாத்திரையை விழுங்கிவிட்டு வரிசையில் நிற்பேன். மறைத்ததற்குக் காரணம் பயம். அதிக நாள் ஓய்வெடுத்தால் ரெலிகேட் செய்வார்கள், அதாவது அடுத்த பேட்சுக்குத் தள்ளிவிடுவார்கள். மோசமானால் வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள் என்று கட்டிலுக்குக் கட்டில் பேச்சு. முதலாண்டுச் சம்பளம் மாதம் 30,000 ரூபாய், அதில் 9,000 நான்கு ஆண்டு முடிவில் கிடைக்கும் சேமிப்பான சேவா நிதிக்குப் போக 21,000 கைக்கு வரும். அந்தப் பணத்தை நம்பி அப்பா கடன் தவணை பேசியிருந்தார். நான்கு ஆண்டு முடிவில் 25 சதவீதம் பேர் வரைதான் நிரந்தரமாகச் சேர்க்கப்படுவார்கள் என்பதும் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. வலியைப் பல்லைக் கடித்துப் பொறுப்பதுதான் தைரியம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் கைபேசி தருவார்கள். ஒன்பதாவது வாரம் வீட்டுக்குப் பேசி முடித்த பிறகு சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா மகனைக் கூப்பிட்டேன். அவன் அங்கேயே பிறந்தவன். 1967 முதல் அங்கே ஆண்பிள்ளைகளுக்குக் கட்டாய ராணுவச் சேவை. பதினெட்டு வயதானதும் இரண்டு ஆண்டு போயாக வேண்டும். அவன் தெக்கோங் தீவில் அடிப்படைப் பயிற்சி முடித்து, வேறு முகாமில் இருந்தான். அவன் சேர்ந்த நாளில் எனக்கு அவன் மேல் ஒரு பரிதாபம் இருந்தது உண்மை. நான் விரும்பி வந்தவன், அவன் சட்டத்துக்காக வந்தவன் என்று நினைத்திருந்தேன்.

அவனிடம் மட்டும் காலைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அண்ணா, இங்கே எவனாவது வலிக்கிறது என்றால் முதலில் 'கெங்' என்பார்கள். வேலைக்குப் பயந்து நடிக்கிறான் என்று அர்த்தம். கட்டாயத்தில் வந்தவன்தானே, நடிப்பான் என்று எல்லோருக்கும் சந்தேகம். எனக்கு முழங்கால் வீங்கியபோது அந்தப் பெயரைக் கேட்டுக்கொண்டேதான் மருத்துவ அதிகாரியிடம் போனேன். 24 கிலோமீட்டர் நடையை முடித்தபோதுகூட எனக்கு அவ்வளவு தைரியம் தேவைப்படவில்லை. உனக்கு அந்தச் சந்தேகமே இல்லையே, நீயாகப் போனவன். நீ எதற்கு மறைக்கிறாய்?" என்றான்.

என்னிடம் பதில் இல்லை. என்னைவிட மூன்று வயது சின்னவன்.

அன்று இரவு வட இந்திய நண்பன் ஒருவனிடம் ஒரு வாக்கியத்தைக் கேட்டு மனப்பாடம் செய்தேன். காலையில் ஓட்டத்துக்கு அணிவகுக்கும்போது ஒரு அடி முன்னால் வந்து விறைப்பாக நின்று சொன்னேன்: "பைர் மே தர்த் ஹை, உஸ்தாத்." காலில் வலி. நாற்பது பேர் பார்த்தார்கள். எத்தனை நாளாக என்று உஸ்தாத் கேட்டார். விரலை விட்டு எண்ணிக் காட்டினேன். மூன்று வாரம். அவர் கோபப்பட்டது வலிக்காக அல்ல, அந்த மூன்று வாரத்துக்காக. "காயத்தை மறைக்கிறவன் பாரத்தை அடுத்தவன் முதுகில் ஏற்றுகிறான்" என்று அவர் சொன்னதாக நண்பன் பிறகு விளக்கினான்.

மருத்துவர் எலும்பை அழுத்துவதற்கு முன் ஒன்று சொன்னார். வலிக்கும் இடத்தை ஒரே விரலால் தொட்டுக் காட்டு. எலும்பு நெடுகப் பரவலாக வலித்தால் பெரும்பாலும் தசையும் எலும்பின் மேலுறையும் நொந்திருக்கும். ஒரே புள்ளியில் குத்தினால் எலும்பில் மயிரிழை விரிசலா என்று பார்க்க வேண்டும். என் விரல் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில் ஒரே இடத்தில் போய் நின்றது. எக்ஸ்ரே எடுத்தார்கள். அதில் ஒன்றும் தெரியவில்லை.

அந்த இரவு என் தம்பி பட்டதை நானும் பட்டேன். படம் சுத்தமாக இருக்கிறது, வலிக்கிறது என்று நான் சொல்வதற்குச் சாட்சி இல்லை. நடிக்கிறான் என்று நினைத்திருப்பார்களா என்று கூரையைப் பார்த்தபடி கிடந்தேன். ஆனால் மருத்துவர் ஓய்வு எழுதியிருந்தார். இந்த வகை விரிசல் முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் பிடிபடாமல் போவது சாதாரணம், ஆற ஆரம்பித்து எலும்பு தடிக்கும்போதுதான் தெரியும் என்று பிறகு சொன்னார். ஓட்டமும் சுமையும் திடீரென்று கூடும்போது எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்ள அவகாசம் கிடைக்காமல் விரிசல் விடுகிறதாம். இன்னும் சில வாரம் ஓடியிருந்தால் முழுதாக முறிந்திருக்கவும் கூடும். இரண்டாவது படத்தில் பென்சிலால் கீறியது போல் ஒரு கோடு தெரிந்தது.

ரெலிகேட் செய்தார்கள். நான் பயந்தபடியேதான் நடந்தது, அதை மறைக்கப் போவதில்லை. என் பேட்ச் தேசியக் கொடியின் முன் உறுதிமொழி எடுத்த காலை, தரை, கடல், வான் எவ்வழியே அனுப்பினாலும் உயிருக்கு ஆபத்து நேர்ந்தாலும் போவேன் என்று அவர்கள் குரல் ஒன்றாக எழுந்ததை மைதானத்தின் ஓரத்தில் நின்று கேட்டேன். தொண்டை அடைத்தது. அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னபோது, "கால் இருக்கிறதல்லவா, போதும். தவணையை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். அடுத்த பேட்சில் அதே உறுதிமொழியை நானும் எடுத்தேன். அப்பா வந்திருந்தார். பெற்றோருக்கு அணிவிக்கும் கௌரவப் பதக்கத்தைச் சட்டையில் குத்தியபோது அந்தப் பழைய வெள்ளைச் சட்டை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நின்றது. அவர் ஊர் திரும்பும் வரை அதைக் கழற்றவில்லை.

நேற்றுக் காலை நானும் பையன்களோடு மலையடிவாரத்துக்குப் போனேன். ஒருவன் இறங்கும்போது வலது காலைக் கொஞ்சம் இழுத்து வைத்தான். என்னடா என்றேன். ஒன்றுமில்லை அண்ணா, சுளுக்கு என்றான். அடுத்த மாதம் தேர்வு, எனக்குத் தெரியும். பாறை மேல் உட்கார வைத்துக் காலணியைக் கழற்றச் சொன்னேன். எங்கே வலிக்கிறது, ஒரே விரலால் தொட்டுக் காட்டு என்றேன். மற்றவர்கள் கொஞ்ச தூரம் போகும் வரை காத்திருந்தான். பிறகு குனிந்து, விரலை எலும்பின் மேல் வைத்தான்.