35 மில்லி

ஜனவரி 8

மவுண்ட் வந்துடுச்சு, டெலஸ்கோப்பை வானம் நகர்ற வேகத்துக்குத் திருப்பற ஸ்டாண்ட். 28க்குள்ள அண்ணன்கிட்ட திருப்பிக் குடுத்துடணும்.

ஜனவரி 9

டெலஸ்கோப்ல கேமராவை மாட்டினேன், ஃபோகஸரை (கேமரா மாட்டற, உள்ள வெளிய நகர்ற குழாய்) முழுசா உள்ள தள்ளியும் நிலா ஊதிப்போன வெள்ளையா நிக்குது, ஃபோகஸே ஆகல. எதிர்பார்த்ததுதான், கண்ணால பாக்கறதுக்குன்னு கட்டின டியூப்தானே. கேமராவைக் கழட்டிட்டு ட்ரேசிங் பேப்பரை ஃபோகஸர் வாய்ல புடிச்சு மெதுவா மேல தூக்கிட்டே வந்தேன், 20 மில்லிமீட்டர்ல நிலா பளிச்சுன்னு விழுந்துச்சு, மேலிருந்து கீழ 11 மில்லி, பள்ளமெல்லாம் தெரியுது. ஆனா சென்சார் உக்காந்திருக்கிறது 55 மில்லி தள்ளி, பாடிக்குள்ள 44, கேமராவை மாட்டற டி-ரிங் 11. ஆக 35 மில்லி இடிக்குது.

ஜனவரி 10

பார்லோ லென்ஸ் (ஃபோகஸ் தூரத்தை ரெட்டிப்பாக்கறது) போட்டா ஃபோகஸ் வெளிய வந்துடும்னு ஆளாளுக்கு சொல்றாங்க. வரும். கூடவே ஃபோகஸ் தூரம் 1200 மில்லி 2400 ஆகும், எஃப்/6 (ஃபோகஸ் தூரம் கண்ணாடி அகலத்தைப் போல ஆறு மடங்கு) எஃப்/12 ஆகும், எக்ஸ்போஷர் நாலு மடங்கு. நிலாவுக்கு ஓகே, நெபுலாவுக்கு (விண்வெளில மங்கலாத் தெரியற வாயுக் கூட்டம்) யாரு உக்காந்திருக்கறது. குட்டை ஃபோகஸர் வாங்கலாம், வந்து சேர்றதுக்குள்ள 28 போயிடும்.

அப்போ டியூப் அடில ஒளியைக் குவிக்கற பெரிய கண்ணாடியைத்தான் முன்னாடி நகத்தணும், அப்பதான் ஃபோகஸும் அவ்ளோ வெளிய வரும். நல்லா இருக்கற டியூப்ல ஓட்டை போடணும்.

ஜனவரி 11

மேகம்.

ஜனவரி 12

மேகம். 35.

ஜனவரி 13

தூக்கம் வரல, காரணம் சின்னக் கண்ணாடி, குவியற ஒளியை ஃபோகஸர் பக்கம் திருப்பறது. பெரிய கண்ணாடியை 40 மில்லி நகத்தினா (35 போதும், ஃபோகஸர் முன்ன பின்ன போக 5 வேணும்) சின்னக் கண்ணாடிலேந்து ஃபோகஸுக்கு தூரம் 200ங்கறது 240 ஆகும், எஃப்/6ங்கறதால அங்க ஒளிக்கூம்போட அகலம் 33லேந்து 40 ஆகிடும், என்கிட்ட இருக்கற சின்னக் கண்ணாடி 44. நடு எடத்துக்கு இடிக்காது, ஆனா சென்சாரோட மூலைக்கு மூலை 27 மில்லி இருக்கு, அந்த மூலையெல்லாம் இருட்டும். பெருசா மாத்தினா வர்ற வெளிச்சத்தை அதுவே மறைக்கும், காசும் கேக்கும். ஃப்ளாட் (ஒரே சீரான வெளிச்சத்தை எடுத்த படம், மூலை இருட்டை அளக்க) எடுத்து சரி பண்ணிக்கலாம்னு மனசு சொல்லுது, அப்புறம் மறுபடி பேப்பரை எடுத்து அதே கணக்கைப் போடறேன், அதே 40தான் வருது, வேற என்ன வரும். அம்மா வந்து லைட்டை அணைச்சிட்டுப் போனாங்க.

ஜனவரி 15

போட்டாச்சு ஓட்டை! கண்ணாடியைக் கழட்டி பீரோல வெச்சுட்டுத்தான் ட்ரில்லைத் தொட்டேன். மூணு போல்ட்டும் சரியா உக்காந்துச்சு. பழைய ஓட்டைகளை உள்பக்கமா கறுப்பு டேப் ஒட்டி அடைச்சேன். பின்னாடி 40 மில்லி டியூப் சும்மா நீட்டிட்டு நிக்குது, அதுவும் நல்லதுதான், கண்ணாடிக்குப் பின்பக்கத்திலேந்து வெளிச்சம் உள்ள வராது. ஐபீஸ்ல பாக்க இனிமே எக்ஸ்டென்ஷன் ட்யூப் போடணும், போட்டுக்கறேன்.

ஜனவரி 16

கொலிமேஷன், ரெண்டு கண்ணாடியையும் ஒண்ணுக்கொண்ணு நேரா நிறுத்தறது. வேற எதுவும் பண்ணல.

ஜனவரி 17

முழு நிலா, 1/250 செகண்ட், ஃபோகஸ் ஆச்சு!! ஃபோகஸர் இன்னும் 5 மில்லி உள்ள போக எடம் இருக்கு. போனை எடுத்து எல்லாருக்கும் அனுப்பிட்டேன். தம்பி, “கூகுள்ல இதைவிட நல்லா இருக்கே”ங்கறான். இருக்கட்டும்.

ஜனவரி 20

மேகம், அதனால படிச்சிட்டிருந்தேன். எம்42வை (ஓரியன் நெபுலா) மொதமொத போட்டோ எடுத்தது ஹென்றி டிரேப்பர், 1880 செப்டம்பர் 30, 51 நிமிஷ எக்ஸ்போஷர். அவர் ஒரு டாக்டர். அதுக்கு முன்னாடியே 1860கள்ல தானே தேய்ச்ச பதினஞ்சரை இன்ச் கண்ணாடில நிலாவை எடுத்தவர். எனக்கு 51 நிமிஷம் வேண்டாம், தேவை 30 செகண்ட், ஆனா என் பிக்சல் ஒண்ணு வானத்துல 0.74 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரில 3600ல ஒரு பங்குதான் ஆர்க்செகண்ட்), மவுண்ட் நின்னுடுச்சுன்னா வானம் செகண்டுக்கு 15 ஓடிடும். அண்ணன்கிட்ட இன்னொரு வாரம் கேட்டுப் பாக்கலாமா? கேக்க மாட்டேன்.

ஜனவரி 22

பேலன்ஸ் வரல. கண்ணாடி முன்னாடி போனதுல எடை மாறிடுச்சு, கேமரா வேற பக்கவாட்டுல தொங்குது. வளையத்துக்குள்ள டியூபைத் தள்ளித் தள்ளி கை வலிக்குது.

ஜனவரி 24

மேகம். பாட்டினோவ் மாஸ்க் (ஃபோகஸ் சரியான்னு காட்டற, கோடு கோடா வெட்டின மூடி) அட்டைல வெட்டினேன். எஃப்/6ல ஃபோகஸ் தப்பிக்க மொத்தமே 0.1 மில்லிதான் எடம், ஒரு தலைமுடி கனம். 40 மில்லி நகத்தினவனுக்கு இது தேவைதான்.

ஜனவரி 26

கிடைச்சிடுச்சு. ராத்திரி எட்டு மணிக்கு வானம் தொறந்துச்சு, நிலா இல்ல. ரைகல் நட்சத்திரத்தைப் பாத்து மாஸ்க் வெச்சு நடுக்கோடு நடுவுல வர்ற வரைக்கும் திருகினேன், அப்புறம் எம்42, ஐஎஸ்ஓ 1600, 30 செகண்ட். கேமரா பின்னாடி ஸ்க்ரீன்ல ரோஸ் கலர்ல சிறகு விரிஞ்சிருக்கு, என் கண்ணாடிலயா இதுன்னு இருக்கு. நடுவுல ட்ரப்பீசியம்ங்கற நட்சத்திரக் கூட்டம் வெளிச்சம் அதிகமாகி எரிஞ்சு போச்சு, அதுக்குன்னு 5 செகண்ட்லயும் கொஞ்சம் எடுத்தேன். பதினொண்ணுக்கு சின்னக் கண்ணாடில பனி புடிச்சுது, அதோட சரி.

ஜனவரி 27

சிரில்ங்கற சாஃப்ட்வேர்ல எல்லாப் படத்தையும் ஒண்ணா ஸ்டாக் பண்ணினேன். மூலை இருட்டு ஃப்ளாட்ல போயிடுச்சு, அதுக்காடா அன்னைக்கு அவ்ளோ கணக்கு. ஆனா எடதுபக்க நட்சத்திரம் மட்டும் கோழிமுட்டை. கோமாவா (கண்ணாடியால ஓரத்து நட்சத்திரம் இழுபடறது) இருந்தா நடுவச் சுத்தி எல்லா மூலைலயும் வரணும், இது ஒருபக்கம்தான், கேமரா கனத்துக்கு ஃபோகஸர் சாயுது. ரெண்டு ஸ்க்ரூதான் புடிச்சிருக்கு, மூணாவது போடணும், 4 எம்எம் டேப் (ஓட்டைல மரை வெட்டற கருவி) யார்கிட்டயாவது இருக்கான்னு காலைல கேக்கணும். அண்ணன் சாயங்காலம்தானே வர்றார்