டி-34 மேல் பனிக்கால வெள்ளை: உரிந்தால் பச்சை தெரிய வேண்டும்

சோவியத் டாங்கியான டி-34-ஐப் பனிக்கால வெள்ளையோடு 1/35 அளவு பிளாஸ்டிக் மாடலாகச் செய்பவர்கள் பலர் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். வெள்ளை உரிந்த இடத்திலெல்லாம் துருவைக் காட்டிவிடுகிறார்கள். அங்கே தெரிய வேண்டியது பச்சை. தொழிற்சாலையில் அடித்த 4பிஓ என்ற சோவியத் ராணுவப் பச்சை இரும்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும். வெள்ளையோ, குளிர் தொடங்கியதும் சுண்ணாம்பையோ சீமைச் சுண்ணாம்பையோ கரைத்து, கிடைத்த பிரஷால் மேலே பூசியது. பனி உருகியதும் கழுவிவிடத்தான் அடித்தார்கள். பொங்கலுக்கு அடித்த சுவரில் சாய்ந்தால் சட்டையில் வெள்ளை ஒட்டுமே, அப்படித்தான் இதுவும் ஆளும் பொருளும் உரசிய இடத்தில் போய்விடும். அதனால் மாடலிலும் கீழே உறுதியான பெயிண்ட், மேலே பலவீனமான பெயிண்ட் என்று இரண்டு வேறு தன்மை வேண்டும்.

பெயிண்டுக்கு முன் இரண்டு விஷயம். வார்ப்பு டரட்டின் (பீரங்கி பொருத்திய சுழலும் மேல்கூண்டு) சொரசொரப்பை பல கிட்களில் போதுமான அளவு தருவதில்லை. மிஸ்டர் சர்ஃபேசர் 500 என்ற கெட்டியான ப்ரைமரை முடி குட்டையாக வெட்டிய பிரஷில் எடுத்துக் குத்திக் குத்தி வைத்து, காய்ந்ததும் 600 எண் மணல்தாளால் லேசாகத் தேய்த்தால் வந்துவிடும். உரால்மாஷ் ஆலையில் பிரஸ்ஸில் அழுத்தி உருவாக்கிய, ஓரம் வளைந்த டரட்டுக்கு இது வேண்டாம், அது வழவழப்பானது. உடல் தகடுகளும் உருட்டிய எஃகு, அவற்றையும் தொடாதீர்கள். இரண்டாவது, ட்ராக், அதாவது சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டை. பக்கத்துக்கு 72 கண்ணி. பல் உள்ளதும் பல் இல்லாததும் மாறி மாறி வரும். மேல்பக்கம் தாங்க ரோலர் கிடையாது, ட்ராக் சக்கரங்களின் தலைமீதே படுத்திருக்கும். பின்சக்கரம் இழுப்பதால் தரையிலுள்ள பகுதி விறைப்பாகவும் மேல்பகுதி தளர்வாகவும் இருக்கும். வினைல் ட்ராக் விறைத்து நிற்குமானால் மேல்பகுதியைச் சக்கரத்தோடு ஒட்டி, பசை பிடிக்கும்வரை பஞ்சை வைத்து அழுத்துங்கள். இது சரியில்லையென்றால் அடுத்து எவ்வளவு நன்றாகப் பெயிண்ட் அடித்தாலும் வண்டிக்குக் கனம் வராது.

பச்சைக்கு டாமியா நிறுவனத்தின் எக்ஸ்எஃப்-58 (ஆலிவ் பச்சை), அதில் கொஞ்சம் எக்ஸ்எஃப்-4 (மஞ்சள் பச்சை). பெயிண்ட் 1 பங்குக்கு லேக்கர் தின்னர் ஒன்றரைப் பங்கு, ஏர்பிரஷில் (காற்றால் பெயிண்டைத் தூவும் கருவி) 0.3 மி.மீ. முனை, 15 முதல் 18 பிஎஸ்ஐ காற்றழுத்தம். இங்கே லேக்கர் தின்னர்தான் வேண்டும். அது பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் கடித்துப் பிடிக்கும், பிறகு தண்ணீர் வைத்துத் தேய்த்தாலும் அசையாது. ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, அதன்மேல் லேக்கர் வார்னிஷ் ஒரு மெல்லிய கோட். இந்த வார்னிஷைத் தவிர்ப்பவர்களுக்குத்தான் வெள்ளையைச் சுரண்டும்போது பச்சையும் சேர்ந்து வந்து பிளாஸ்டிக் எட்டிப்பார்க்கிறது.

அடுத்தது ஹேர்ஸ்ப்ரே. தண்ணீர் பட்டால் இது இளகும், அதனால்தான் மேலே அடிக்கும் வெள்ளையைப் பிறகு சுரண்டி எடுக்க முடிகிறது. அழகுசாதனக் கடையில் கிடைக்கும் விலை குறைந்ததே போதும். சுமார் 25 செ.மீ. தள்ளி நின்று இரண்டு மெல்லிய கோட், நடுவில் சில நிமிட இடைவெளி. டப்பாவிலிருந்து நேராக அடித்தால் துளி துளியாக விழும். ஒரு கிண்ணத்தில் பீய்ச்சி, நுரை அடங்கியதும் ஏர்பிரஷில் ஊற்றி அடிப்பது நல்லது. 10 முதல் 15 நிமிடத்தில் காய்ந்துவிடும். மழைக்காலத்தில் கூடுதல் நேரம் பிசுபிசுப்பாகவே இருக்கும். அந்த நிலையில் வெள்ளை அடித்தால் சேற்று நிலம்போல வெடித்துவிடும்.

வெள்ளைக்கு எக்ஸ்எஃப்-2 (வெள்ளை) ஒன்பது பங்கு, எக்ஸ்எஃப்-57 (வெளிர் மண்நிறம்) ஒரு பங்கு. சுத்த வெள்ளை இந்த அளவில் கண்ணைக் குத்தும். இதைக் கரைக்கத் தண்ணீரோ டாமியாவின் எக்ஸ்-20ஏ அக்ரிலிக் தின்னரோ மட்டும்தான். லேக்கர் தின்னர் கலந்தால் அது ஹேர்ஸ்ப்ரேயையும் தாண்டிக் கீழே கடித்துக்கொள்ளும். பிறகு வெள்ளை வரவே வராது, வந்தால் பெரிய பெரிய செதில்களாக வரும். சீராக அடிக்கவும் தேவையில்லை. நிஜத்தில் எண்களைச் சுற்றி வெள்ளை அடிக்காமல் விட்டுவிடுவது உண்டு, அதனால் அந்த இடத்தில் ஒரு பச்சைக் கட்டம் நிற்கும். மூலைகளிலும் கைப்பிடிகளுக்குப் பின்னாலும் பிரஷ் எட்டாத பச்சை இருக்கட்டும். சித்திரை வெயில் காலத்தில் பெயிண்ட் காற்றிலேயே காய்ந்து மணல்தாள்போல விழும், காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் இரண்டு சொட்டு சேருங்கள்.

அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் சுரண்டத் தொடங்க வேண்டும். அடுத்த நாளைக்கு வைத்தால் வெள்ளை இறுகிவிடும். உள்ளங்கையில் பாதி அளவு இடத்தை மட்டும் தண்ணீரில் நனைத்து அரை நிமிடம் பொறுங்கள். பிறகு முடி குட்டையான கெட்டிப் பிரஷால் மேலிருந்து கீழாக. தண்ணீர் அதிகமானால் மொத்த வெள்ளையும் வழுக்கிக் கழன்றுவிடும். கரைந்த வெள்ளையைத் துடைத்துவிடாமல், சுத்தமான ஈரப் பிரஷால் பக்கத் தகட்டில் நேர்கீழாக இழுத்தால், பனி உருகி வடிந்த கோடு தானாகவே வந்துவிடும். எண்ணெய் பெயிண்டால் பின்னால் வரையும் எந்தக் கோடும் இதற்கு ஈடாகாது.

எங்கே உரியும்? வண்டியில் யார் எங்கே கை வைத்தார்கள், எங்கே கால் வைத்தார்கள் என்று யோசித்தால் போதும். டரட் மூடியின் விளிம்பு, ஓட்டுநர் மூடியைச் சுற்றி, மட்கார்டின் மேல்பக்கம், இன்ஜின் தளம். வண்டிமேல் ஏறிப்போன காலாட்படையினர் பிடித்த கைப்பிடிகளுக்குக் கீழே நன்றாகத் தேய்ந்திருக்கும். டரட்டின் பின்பக்கமோ பக்கத் தகட்டின் நடுவோ அவ்வளவு தேயாது. இன்ஜின் தளத்தில் சூட்டால் பனி உருகி வடிவதால் அங்கே வெள்ளை மெலிந்துபோகும். உலோகம்வரை போன சிராய்ப்பு ஒரு சில கூரிய விளிம்புகளில் மட்டும் போதும், அதுவும் கரும்பழுப்பில். அளவையும் கணக்கில் வையுங்கள்: மாடலில் 3 மி.மீ. பொட்டு என்றால் நிஜ வண்டியில் 10 செ.மீ.க்கு மேல்!

வெள்ளைக்குக் கீழே ஹேர்ஸ்ப்ரே இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதை மறக்கக்கூடாது. ஈரக்கை பட்டாலே கிளம்பும். லேக்கர் மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் அடித்து மூடிய பிறகுதான் அடுத்த வேலை. ஈரப்பதம் மிகுந்த நாளில் வார்னிஷ் பால்போல வெளுத்துவிடும். அந்த நாளில் அடிக்கவே வேண்டாம். வெளுத்துவிட்டால் ரிடார்டர் கலந்த தின்னரை மட்டும் மெல்லத் தூவினால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

வாஷுக்கு, அதாவது இடுக்குகளில் ஓடவிடும் நீர்த்த பெயிண்டுக்கு, எனாமல் பழுப்பு. வெள்ளைமேல் கறுப்பு வைத்தால் படம் வரைந்ததுபோல் ஆகிவிடும். போல்ட்டைச் சுற்றியும் தகடு சேரும் கோட்டிலும் நுனிப் பிரஷால் தொட்டு வைத்தால் தானே ஓடிப் பரவும். குளமாக ஊற்றக்கூடாது. சக்கரத்தைத் தாங்கும் கைகள்போல இறுக்கத்தில் ஒட்டிய பாகங்களில் எனாமல் தின்னர் தேங்கினால் பிளாஸ்டிக் மொறுமொறுத்து உடைந்துவிடும்.

சேறு இரண்டு அடுக்கு. காய்ந்த வெளிர் மண் உயரத்தில், புதிய கருஞ்சேறு கீழே சக்கர மட்டத்தில். பிக்மென்ட் (நிறப் பொடி), பிளாஸ்டர், மேட் மீடியம் (பளபளப்பில்லாத அக்ரிலிக் பசை) மூன்றையும் குழைத்துப் பிரஷில் எடுத்து, ஏர்பிரஷ் காற்றால் ஊதித் தெறிக்க வைக்கலாம். ஈரமாக இருக்கும்போது எல்லாம் கறுப்பாகத்தான் தெரியும். காய்ந்த பிறகு பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடுக்கு.

ட்ராக்குக்கு ஆரஞ்சுத் துரு வேண்டாம். ஓடுகிற வண்டியில் அது மந்தமான கரும்பழுப்பு. தரையில் உரசும் மேடுகளும் பல்லின் பக்கங்களும் மட்டும் பளபளக்கும். 4பி பென்சில் துகளை விரலால் தேய்த்தால் போதும். உள்பக்கத்தில் சக்கரம் ஓடும் தடத்தைச் சக்கரத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ரப்பர் டயர் என்றால் மந்தம். ஸ்டாலின்கிராட் ஆலை ரப்பர் தட்டுப்பாட்டில் மாட்டிய எஃகு விளிம்புச் சக்கரம் என்றால், அந்தத் தடமும் சக்கர விளிம்பும் வெள்ளி. பிக்மென்ட், பென்சில் இரண்டையும் எல்லாவற்றுக்கும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அவற்றின்மேல் வார்னிஷ் அடித்தால் தூசி கறுத்துப்போகும், உலோகப் பளபளப்பும் செத்துப்போகும்.