கேம்பர் பாடி வேலை: 8 அடி அலுமினிய ஷீட்டை வீடு சேர்த்த விதம்

பழைய மினி லாரி மேல் கேம்பர் பாடி (உள்ளேயே தங்கிப் பயணம் போவதற்கான கூடு) கட்டும் வேலையில் ஃபிரேம் வெல்டிங் முடிந்துவிட்டது. அடுத்து வெளிப்பக்கத்துக்கு 1.2 மி.மீ. அலுமினிய ஷீட், 8-க்கு 4 அடியில் ஆறு. கடை கோயம்புத்தூரில், வீடு கிணத்துக்கடவுப் பக்கம். தூரம் ஒன்றும் பெரிதில்லை. ஆனால் ஆனி, ஆடியில் பொள்ளாச்சி ரோட்டில் போனவர்களுக்குத் தெரியும், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேற்குக் காற்று வண்டியையே பக்கவாட்டில் தள்ளும்.

இந்த அளவு அலுமினிய ஷீட் ஒன்று 10 கிலோகூட வராது. இதே கனத்தில் இரும்புத் தகரம் 28 கிலோ இருக்கும். பரப்போ ஏறக்குறைய 3 சதுர மீட்டர். 60 கி.மீ. வேகத்தில் காற்று அடியில் புகுந்து முழுசாகத் தூக்கினால் 50 கிலோ அளவுக்கு விசை வரும். வேகத்தைப் பாதியாக்கினால் விசை கால்வாசி ஆகும், அதுவே 12 கிலோவுக்கு மேல். மெதுவாகப் போனால் போதும் என்று பலர் நினைப்பது இங்கேதான் இடிக்கிறது. பின்னால் டூவீலரில் வருகிறவரை மனதில் வைத்துத்தான் இந்தச் சரக்கைக் கட்ட வேண்டும்.

டாட்டா ஏஸ் வாடகை குறைவு. ஆனால் தளம் 7 அடி சொச்சம்தான், ஷீட் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். சிவப்புத் துணி கட்டிவிட்டால் சட்டப்படி சரியாகிவிடாது. நீட்டிய முனை ஒவ்வொரு குழியிலும் ஆடி ஷீட்டில் மடிப்புக் கோடு போட்டுவிடும், அதைத் தட்டி எடுக்கவும் முடியாது. அதனால் நீளத் தளம் உள்ள பிக்கப் பிடித்தேன். கண்ணாடி மாதிரி நிறுத்தி வைக்கலாமே என்று கடையில் கேட்டார்கள். அந்த ரோட்டில் பக்கக் காற்றுக்கு அது கப்பல் பாய் விரித்துக் கொடுப்பது மாதிரிதான். படுக்கைவாட்டில் வைப்பதே சரி.

கேம்பர் தரைக்கு எப்படியும் 12 மி.மீ. பிளைவுட் வேண்டும். அதில் இரண்டை அன்றே வாங்கி, கீழே ஒன்று, மேலே ஒன்று, நடுவில் ஆறு ஷீட் என்று அடுக்கினேன். ஓரங்களைச் சமமாகத் தட்டிவிட்டு, சுற்றிலும் சி-கிளாம்ப் (திருகி இறுக்கும் இரும்புப் பிடி) போட்டதும் நூறு கிலோவைத் தொடும் ஒரே கட்டாகிவிட்டது. காற்று புக இடமே இல்லை. ஷீட் மேலிருக்கும் பிளாஸ்டிக் படலம் வழுக்கும், பிரேக் போட்டால் நடு ஷீட் முன்னால் பாயும். அதற்காகக் கேபின் பக்கம் இடைவெளி இல்லாமல் ரீப்பர் கட்டைகளை (மெல்லிய நீள மரச் சட்டங்கள்) கொடுத்து நெருக்கினேன்.

"ஏனுங் தம்பி, தகரந்தானுங்களே, கயிறு போட்டாப் பத்தாதுங்களா?" என்றார் டிரைவர்.

"நைலான் கயிறு போகப்போக இளகீருங்ணா" என்று சொல்லி, நெம்பி இறுக்கும் பிடி வைத்த மூன்று ராட்செட் பெல்ட்டைக் குறுக்கே போட்டேன். பெல்ட் மடங்கும் ஓரங்களில் பழைய சைக்கிள் டியூப். ஒத்தக்கால்மண்டபத்தில் நிறுத்திப் பார்த்தபோது பலகை அமுங்கி முன் பெல்ட் கொஞ்சம் தளர்ந்திருந்தது. இரண்டு சொடுக்கு இறுக்கியதும் சரியாகிவிட்டது. பாதி வழியில் ஒருமுறை நிறுத்துவதை யாரும் விட்டுவிடாதீர்கள்.

இறக்கும்போது கையுறை கட்டாயம். படுக்கையாகத் தூக்கினால் நடுவில் தொய்ந்து மடியும், அதனால் ஆளுக்கு ஒரு முனையாக ஷீட்டை நிமிர்த்திப் பிடித்தே கொண்டுபோனோம். ஷெட்டுக்குள் ரீப்பர் மேல் வைத்திருக்கிறேன். இரண்டு ஷீட்டுக்கு நடுவே ஈரம் தங்கினால் வெள்ளைக் கறை பிடிக்கும், வெயிலில் கிடந்தால் படலத்தின் பசை ஒட்டிக்கொண்டு உரிக்க முடியாது.

பக்கவாட்டில் ரிவெட் அடிக்க ஆரம்பித்தாயிற்று. கூரைக்கு ஒட்டுப் போடாமல் ஒரே 10 அடி ஷீட்டாகப் போட ஆசை, ஒட்டு இருந்தால் மழைக்கு அங்கேதான் ஒழுகும். ஆனால் அது இந்தப் பிக்கப்பில் அடங்காது. 14 அடி ஐஷர் லாரி ஏதாவது பொள்ளாச்சிக்குத் திரும்பும் லோடில் இடம் கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.