திட்டு வாங்கும் பிள்ளை

"தூங்குறியா அங்கே?" என்று கோச் போட்ட சத்தம், எல்லைக்கோட்டுக்கு வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்த எனக்கே கேட்டது. கைக்கு வந்த கேட்சை என் மகள் விட்டிருந்தாள். பந்து போட்ட பையன் தலையில் கை வைத்தான். இன்னொருவன் முறைத்தான். அரை வருஷமாக அவளை யாரும் ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான்.

அவள் அப்பா போன பிறகு பாளையங்கோட்டையில் எங்கே போனாலும் "ஐயோ, பாவம் பிள்ள" தான். வீட்டுப்பாடம் எழுதாவிட்டாலும் டீச்சர் கேட்கமாட்டார். பெட்டிக்கடையில் மிட்டாய்க்குக் காசு வாங்கமாட்டார்கள். பதினாறாம் நாள் வந்தவர்கள் எல்லாம் அவள் தலையைத் தடவிவிட்டுத்தான் பந்தியில் உட்கார்ந்தார்கள். தடவத் தடவ அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தாள். தென்னாப்பிரிக்காவில், டர்பனில் இருக்கும் அண்ணன் "ரெண்டு பேரும் இங்கே வந்திருங்க" என்றார். எனக்கு வேலை, விசா எல்லாம் அவர் பாடு. இங்கே ஜனவரியில் பள்ளி திறப்பார்கள், அதற்குள் வந்து சேர்ந்தோம்.

வீடு சாட்ஸ்வொர்த்தில். பக்கத்து வீட்டு ஆயாவின் முன்னோர் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள். 1860 நவம்பரில் மதராஸிலிருந்து வந்த ட்ரூரோதான் முதல் கப்பல், இவர்கள் அதற்குப் பிந்திய ஏதோ ஒன்றில். ஆயாவுக்கு வணக்கத்தைத் தாண்டினால் ஆங்கிலம்தான். ஆனால் ஆங்கில எழுத்தில் அச்சிட்ட புத்தகத்தை வைத்துக்கொண்டு என்னைவிட நன்றாகத் தேவாரம் பாடுவார். ஆடிக்குக் கூழ், தைப்பூசத்துக்குக் காவடி, எதிலும் குறை வைப்பதில்லை. நானும் பழகிவிட்டேன் என்றே சொல்ல வேண்டும். ஆனால் வருஷம் திரும்பாததால் எங்களுக்குப் பொங்கல் இல்லை. இங்கே தை மாதம் கோடை. அந்த வெயிலில் ஆயா வீட்டுப் பானை பொங்குவதைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். போன தையில் கரும்பைத் தோளில் போட்டுக்கொண்டு சைக்கிளில் வந்த மனிதர் நினைவுக்கு வந்தார். பழகியதெல்லாம் அந்த இடத்தில் போயிற்று.

பள்ளியில் விளையாட்டுக்கு ஒரு படிவம் கொடுத்தார்கள். பெண் பிள்ளைகளுக்கு நெட்பால். பந்தைத் தரையில் தட்டாமல் கைக்குக் கை கொடுத்து ஆடுகிற ஆட்டம், இங்கே பெரிய விஷயம். 2023இல் கேப்டவுனில் அதற்கு உலகக் கோப்பையே நடந்தது. இவள் அதை அடித்துவிட்டு கிரிக்கெட் என்று எழுதிக் கொடுத்தாள். அங்கே இருந்ததோ பையன்கள் அணி மட்டும். போட்டுப் பார்க்கட்டும் என்று கோச் பந்தைக் கொடுத்தார். விரலால் பந்தைத் திருப்பும் ஆஃப் ஸ்பின் போட்டாள், சேர்த்துக்கொண்டார்.

அது அவள் அப்பா தெருவில் சொல்லிக்கொடுத்தது. சங்கர் நகரில் டிஎன்பிஎல் கிரிக்கெட் ஆட்டம் என்றால் அவருக்கு ஆபீஸுக்கு லீவு, இவளுக்குப் பள்ளிக்கு லீவு. டென்னிஸ் பந்தைக் கூட பேன்ட்டில் தேய்த்துவிட்டுத்தான் கொடுப்பார். அதைத் தேய்த்து என்ன புண்ணியம் என்று கேட்டால், பழக்கம் வரட்டும் என்பார்.

பழக்கம் வந்துவிட்டது. வெள்ளை பேன்ட் பையன்கள் அளவு, இடுப்பைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். முதல் ஆட்டத்திலேயே வலது தொடையில் உள்ளங்கை அகலத்துக்குப் பந்து தேய்த்த சிவப்புக் கறை. சோப்பு, எலுமிச்சை, வெந்நீர், எதற்கும் போகவில்லை. இப்போது நான் அதைத் தேய்ப்பதே இல்லை.

நாத்தனாருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. "வருசம் திரும்பல, அதுக்குள்ள பொம்பளப்பிள்ளைய பயலுவளோட ஓட விட்டிருக்கியாம்லா? ஊரு என்ன சொல்லும்?" வாராவாரம் இதே பாட்டு. ஊர் சொன்னதைக் கேட்டுக் கேட்டுத்தானே பிள்ளை ஊமையானாள் என்று நாக்கு நுனி வரை வரும். தம்பியைப் பறிகொடுத்தவர் என்று விழுங்கிவிடுவேன்.

ஒன்றை மட்டும் அவரிடம் சொல்லியிருக்கலாம். ஒரு நாள் ராத்திரி சாப்பிடும்போது மகள் தானாகப் பேசினாள். "உங்கப்பா மேட்ச் பார்க்க வரமாட்டாரா?" என்று ஒரு பையன் கேட்டானாம். "செத்துப்போயிட்டார்னு சொன்னேன்மா." அந்த வார்த்தையை அவள் வாயில் அன்றைக்குத்தான் கேட்டேன். அவன் என்ன சொன்னான் என்றேன். "சாரின்னான். அப்புறம், அடுத்த ஓவர் நீதான், நேரா போடுன்னான்." சொல்லிவிட்டு இன்னொரு தோசை கேட்டாள்.

2025 நவம்பர் 2, பெண்கள் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். நவி மும்பையில் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும். அண்ணன் வீட்டு டிவி முன்னால் எல்லோரும். ஆயா தென்னாப்பிரிக்கா கட்சி, அதில் சமரசமே கிடையாது. அவர்கள் கேப்டன் லாரா வோல்வார்ட் சதம் அடித்தபோது மகளும் சேர்ந்து கை தட்டினாள். அவரையே நம்ம தீப்தி சர்மா வீழ்த்தியதும் சோபா மேல் ஏறிக் குதித்தாள். தீப்தியும் ஆஃப் ஸ்பின். ஐந்து விக்கெட், இந்தியாவுக்கு முதல் கோப்பை. ஆயா எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

நம்மூரில் அப்போது நள்ளிரவு தாண்டியிருக்கும். நாத்தனாரிடமிருந்து போன். பதறி எடுத்தால், "இப்பதான் பாத்து முடிச்சேன். நம்ம பிள்ளையும் இந்த மாதிரியா போடுதா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் மகள் போனைப் பிடுங்கிக்கொண்டு, விரலை எப்படி வைக்க வேண்டும், பந்து எங்கே குத்தினால் எப்படித் திரும்பும் என்று அத்தைக்கு வகுப்பே எடுத்தாள். கடைசியில் போன் என் கைக்கு வந்தது.

"சரி, ஆடிட்டுப் போவுது. முடிய மட்டும் வெட்டிராத, சொல்லிட்டேன்."