கசப்பில் தொடங்கும் சாப்பாடு: கொல்கத்தாவில் ஒரு ஜனவரி

கொல்கத்தாவில் யாராவது வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டால், தட்டில் விழுவதையெல்லாம் ஒன்றாகப் பிசைந்துவிடாதீர்கள். நாம் குழம்பு, ரசம், மோர் என்று போவதுபோல் அங்கேயும் ஒரு வரிசை உண்டு. நம்முடையதைவிடக் கறாரானது. கசப்பில் ஆரம்பித்து இனிப்பில் முடியும். நடுவில் பருப்பு, காய், மீன் என்று ஒவ்வொன்றுக்கும் புதிதாகக் கொஞ்சம் சோறு. மீனுக்குப் போனபிறகு பருப்புக்குத் திரும்பினால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் பார்ப்பார்கள்.

சென்னையில் என்னோடு விடுதியில் தங்கிப் படித்த வங்காளி நண்பன் வீட்டில்தான் தங்கல். விடுதி சாம்பாரை நான்கு வருடம் சகித்தவன், அதற்குப் பழிவாங்குகிற மாதிரி சாப்பாடு போட்டான். சமைத்தது அவன் அம்மா. காகிமா என்று கூப்பிடுவேன்.

முதலில் வந்தது சுக்தோ. பாகற்காய், வாழைக்காய், முருங்கைக்காய், கத்திரிக்காய், சர்க்கரைவள்ளிக்கிழங்கு எல்லாம் போட்டு, பருப்பு வடகமும் சேர்த்து, கடைசியில் கொஞ்சம் பால் ஊற்றி இறக்குகிறார்கள். பாகற்காயில் பாலா என்று தயங்கித்தான் கை வைத்தேன். கசப்பு நாக்கில் நிற்காமல் நழுவிப் போகிறது, அப்புறம் பசி நிஜமாகவே கிளம்புகிறது. இரண்டாவது முறை கேட்டபோது காகிமா கரண்டியைத் தரவில்லை. வயிற்றில் இடம் வை, இன்னும் நிறைய இருக்கிறது என்றார்.

இருந்தது. மீன்தலை போட்ட வறுத்த பாசிப்பருப்பு. அந்தப் பருவத்துக் காலிஃபிளவரும் பச்சைப் பட்டாணியும். பிறகு கடுகு அரைத்து விட்ட ரோகு மீன். கடுகெண்ணெய் வாசனை நம் மூக்குக்கு முதல் நாள் கொஞ்சம் ஏறும். புகை வரும்வரை காய்ச்சிவிட்டால் அந்தக் காட்டம் இறங்கிவிடுகிறது. ஆனால் சில பதார்த்தங்களில் இறக்கும்போது பச்சையாகவே ஒரு ஸ்பூன் விடுகிறார்கள், அதுதான் ஆளைத் தூக்கும். கடைசியில் பேரீச்சம்பழம் போட்ட தக்காளி சட்னி, தொட்டுக்கொள்ள அப்பளம். சட்னியைச் சோற்றோடு பிசையப் போன என் கையை நண்பன் பிடித்துவிட்டான். அது தனியாக நக்கிச் சாப்பிட வேண்டியது.

ஹில்சா மீன் எங்கே என்று கேட்டதுதான் தாமதம், ஒரு பாடமே நடந்தது. காகிமாவின் குடும்பம் பிரிவினையின்போது டாக்கா பக்கமிருந்து வந்தது. அவர்கள் வழக்கப்படி துர்கா பூஜை முடிந்தால் ஹில்சாவை நிறுத்திவிடுகிறார்கள். சரஸ்வதி பூஜையன்று ஜோடியாக வாங்கி மறுபடி தொடங்குவார்கள். (அவர்களுக்குச் சரஸ்வதி பூஜை நவராத்திரியில் அல்ல, வசந்த பஞ்சமியில்.) குஞ்சு வளரட்டும் என்கிற ஏற்பாடு. அந்தக் காலத்து மீன்பிடித் தடை என்றே சொல்லலாம். கிழக்கிலிருந்து வந்தவர்களுக்கு ஹில்சா என்றால் மேற்கு வங்கத்துப் பூர்வீகக்காரர்களுக்கு இறால். 1920-இல் தொடங்கிய ஈஸ்ட் பெங்கால் கால்பந்து அணி ஜெயித்தால் ஹில்சாவும், அதைவிட மூத்த மோகன் பகான் ஜெயித்தால் இறாலும் விலையேறும் என்று அங்கே சொல்வார்கள். நண்பன் சிரிக்காமல்தான் சொன்னான்.

மறுநாள் காலை கரியாஹாட் மீன் சந்தை. கடைக்காரர்கள் மேடையில் சம்மணமிட்டு, பெரிய அரிவாள்மனையில் மீனை இரு கையாலும் பிடித்து நறுக்குகிறார்கள். காகிமா செவுளைத் தூக்கிப் பார்த்து, வயிற்றை அமுக்கிப் பார்த்து, மூன்று கடையில் சண்டை போட்டு, முதல் கடைக்கே திரும்பி வந்து வாங்கினார். காசிமேட்டில் என் அத்தை செய்வது அப்படியே இதுதான்.

வெளிச் சாப்பாட்டில் இரண்டு சொல்ல வேண்டும். பார்க் ஸ்ட்ரீட் போனால் செல்லோ கபாப். ஈரானியச் சாப்பாடு கொல்கத்தாவில் வேறு உருவம் எடுத்தது: வெண்ணெய்ச் சோறு, மேலே பொரித்த முட்டை, பக்கத்தில் கபாப். சாயங்காலம் வரிசை நீளம், மதியமே போய்விடுங்கள்.

இன்னொன்று பிரியாணி. நான் வாணியம்பாடியில் வளர்ந்தவன். சீரகச் சம்பா, மிளகாய் விழுது, கத்திரிக்காய் பச்சடி இல்லாததைப் பிரியாணி என்று ஒப்புக்கொள்ள மனசு வராது. இங்கே நீள அரிசி, தாழம்பூ வாசனை, காரமே கிடையாது, ஒரு முழு உருளைக்கிழங்கு. 1856-இல் ஆங்கிலேயர் லக்னோவிலிருந்த அவத் அரசைப் பறித்ததும் நவாப் வாஜித் அலி ஷா கொல்கத்தாவுக்கு வந்து மட்டியாபுர்ஜில் தங்கினார். பிரியாணியும் அவரோடு வந்தது. கையில் காசு குறைந்ததால் கறிக்குப் பதில் உருளைக்கிழங்கு போட்டார்கள் என்பது ஒரு கதை. அப்போது உருளைக்கிழங்கே புதுசு, விலை அதிகம், அதனால்தான் போட்டார்கள் என்பது இன்னொரு கதை. எது உண்மையோ, கறிச்சாறில் ஊறிய அந்தக் கிழங்குக்காக மட்டும் இன்னொரு தட்டு வாங்கினேன். பிரியாணிக்காக அல்ல.

லேக் மார்க்கெட் பக்கம் பல தலைமுறையாகத் தமிழர்கள் இருக்கிறார்கள். மல்லிகைப்பூ, வாழையிலை, காப்பித்தூள் எல்லாம் அங்கே கிடைக்கும். அங்கேயே பிறந்து வளர்ந்த இன்னொரு நண்பன் வீட்டில் காலை டிபன். அவன் அம்மா திண்ணையில் உட்கார்ந்து வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தார். கையில் எண்ணெய் தடவி, கள்ளனை எடுத்து மோரில் போடுகிற அதே வேலை. பக்கத்து வீட்டு வங்காளி அம்மாவும் சேர்ந்து ஆய்ந்தார். இவர் பங்கு உசிலிக்கு, அவர் பங்கு தேங்காயும் இறாலும் போட்டு வதக்குவதற்கு.

குளிரூட்டிய ஓர் உணவகத்தில் வங்காள தாலி வாங்கி ஏமாந்தோம். பதினைந்து சின்னக் கிண்ணங்கள், எல்லாம் ஒரே நேரத்தில். சட்னி ஆறிப்போய் மீனோடு மீனாக நிற்கிறது. நண்பன் கடுப்பாகி மறுநாள் ராஷ்பிஹாரி அவென்யூவில் தருண் நிகேதனுக்குக் கூட்டிப் போனான். 1915-இல் தொடங்கிய கடை. இந்த மாதிரி இடங்களைப் பைஸ் ஹோட்டல் என்கிறார்கள். கரும்பலகையில் அன்றைய மீன் பெயர்கள், பளிங்கு மேசை, வாழையிலை. பரிமாறுபவர் முதலில் கசப்பு வேண்டுமா என்றுதான் கேட்பார். சோறு, பருப்பு, எலுமிச்சைத் துண்டு, ஏன் இலைக்குக்கூடத் தனித்தனி விலை. இலைக்குக் காசா என்று நான் வாயைத் திறப்பதற்குள் மீன் வந்துவிட்டது.

போகிறவர்கள் பன்னிரண்டரைக்குள் போய்விடுங்கள். இரண்டு மணிக்குப் பலகையில் பாதி அழிந்திருக்கும். இனிப்பு மட்டும் அங்கே வாங்க வேண்டாம். வெளியே வந்து ஏதாவது மிட்டாய்க் கடையில் நோலன் குர் சந்தேஷ் கேளுங்கள். ஈச்சம்பனை வெல்லம், குளிர்காலத்தில்தான் இறக்குவார்கள். மார்ச்சில் கேட்டால் போன வருட வெல்லத்தைத் தலையில் கட்டிவிடுவார்கள்.