கெப்பிட்டல் வீ, சிம்பிள் வீ

இலங்கையில் பழைய தேசிய அடையாள அட்டை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்: 9 இலக்கங்கள், கடைசியில் ஒரு வீ அல்லது எக்ஸ். 2016 இலிருந்து வழங்கப்படும் புதிய அட்டைகளில் அந்த எழுத்து இல்லை, வெறும் 12 இலக்கங்கள்தான். அந்த ஒற்றை எழுத்தால் கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த ஒரு வயதான அம்மா, காப்புறுதிப் பணம் கேட்டு வந்து, இரண்டு தடவை வெறுங்கையோடு திரும்பிப் போனார். அதற்குக் காரணமான மாற்றத்தைச் செய்தவர்களில் நானும் ஒருவன்.

அப்போது எனக்குக் கொள்ளுப்பிட்டியில் வேலை. ஒரு காப்புறுதி நிறுவனத்தின் பழைய சிஸ்டத்தை எங்கள் குழு பராமரித்து வந்தது. வாடிக்கையாளர் விபரங்களை அவர்கள் புதிதாக வாங்கிய மென்பொருளின் தரவுத்தளத்துக்கு மாற்ற வேண்டும். பழைய சிஸ்டமும் நிற்காமல் ஓட வேண்டும். அந்த விபரங்கள் இருந்த டேபிளைத் (அட்டவணையைத்) தொடும் புரொசீஜர்கள், அதாவது தரவுத்தளத்துக்குள் எழுதி வைத்த கட்டளைத் தொகுப்புகள், நூற்றுக்கணக்கில் இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகத் திருத்த நேரமில்லை. நாங்கள் பயன்படுத்திய தரவுத்தள மென்பொருளான எஸ்கியூஎல் சேர்வரில் 2005 பதிப்பிலிருந்து சினோனிம் என்ற வசதி இருக்கிறது, வேறோரிடத்தில் இருக்கும் டேபிளுக்கு வைக்கும் மாற்றுப் பெயர் அது. பழைய தரவுத்தளத்தில் அதே பழைய பெயரில் ஒரு சினோனிமை உருவாக்கி, அதைப் புதிய தரவுத்தளத்தின் டேபிளை நோக்கித் திருப்பிவிட்டால் போதும். தரவைக் கேட்கும் கட்டளையான குவெரி ஒரு வரிகூட மாறத் தேவையில்லை. நல்ல வழிதான், இன்றைக்கும் அப்படித்தான் செய்வேன்.

ஆனால் இரண்டு தரவுத்தளங்களின் கொலேஷனும் வேறு வேறு. எழுத்துகளை எப்படி ஒப்பிடுவது, எப்படி வரிசைப்படுத்துவது என்ற விதியைத்தான் கொலேஷன் என்கிறோம். பழையதில் சிஐ, அதாவது கெப்பிட்டல் (பெரிய) எழுத்தும் சிம்பிள் (சின்ன) எழுத்தும் ஒன்று. புதியதில் சிஎஸ், இரண்டும் வேறு. தமிழிலும் சிங்களத்திலும் இப்படி இரட்டை வடிவம் கிடையாது. அகரம் எங்கே நின்றாலும் அகரம்தான். ஆங்கிலத்தில் பெரிய ஏ கணினிக்கு 65, சின்ன ஏ 97. இரண்டும் ஒன்றென்று யாராவது அதற்குச் சொல்ல வேண்டும். சொல்வது கொலேஷனின் வேலை.

மாற்றம் செய்த சனிக்கிழமை இரவே முதல் சிக்கல் வந்தது. புதிய டேபிளின் பெயர் கெப்பிட்டல் எழுத்தில் தொடங்கியது, நான் சினோனிமில் அதைச் சிம்பிளில் எழுதியிருந்தேன். சிஎஸ் தரவுத்தளத்தில் டேபிள்களின் பெயர்களுக்கும் அதே விதிதான். சினோனிமை உருவாக்கும்போது எஸ்கியூஎல் சேர்வர் அந்தப் பக்கம் போய்ப் பார்ப்பதே இல்லை. இல்லாத டேபிளுக்குக்கூட உருவாக்கித் தந்துவிடும். முதல் குவெரி ஓடும்போதுதான் பிழை வரும். வந்தது, ஐந்து நிமிடத்தில் சரி செய்தோம்.

அடுத்தது 468 ஆம் இலக்கப் பிழை. பழைய தரவுத்தளத்தின் டேபிளையும் சினோனிமுக்குப் பின்னால் இருக்கும் டேபிளையும் ஜொயின் செய்யும் (இணைத்துப் பார்க்கும்) இடங்களில், எந்த விதிப்படி ஒப்பிடுவது என்று தெரியாமல் சேர்வர் மறுத்துவிடுகிறது. அந்த இடங்களில் எல்லாம் கொலேட் என்ற சொல்லைச் சேர்த்து, எந்த விதி என்று எழுதிக் கொடுத்தேன். பிழைகள் நின்றன. விடியற்காலை ரயிலில் வெள்ளவத்தைக்குத் திரும்பும்போது எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன்.

முடியவில்லை. மிச்சமிருந்தது சத்தமே போடாத இடம். கவுண்டர் திரையில் அடையாள அட்டை இலக்கத்தைத் தட்டினால், அது ஒரு மாறியாகப் புரொசீஜருக்குள் போய், டேபிளின் கொலத்தோடு (நெடுவரிசையோடு) ஒப்பிடப்படும். ஒரு பக்கம் கொலம், மறுபக்கம் மாறி என்றால் பிழை வராது. கொலத்தின் கொலேஷன்தான் வெல்லும். சினோனிம் நம் பக்கம் இருந்தாலும், பழைய பெயரையே சுமந்தாலும், ஒப்பிடும் விதி அந்தப் பக்கத்து டேபிளோடு ஒட்டியே வருகிறது. அதனால் கெப்பிட்டல் வீயுடன் பதிவாகியிருந்த ஒருவரைச் சிம்பிள் வீ போட்டுத் தேடினால், திரையில் "பதிவு இல்லை". பிழை இல்லை, எச்சரிக்கை இல்லை, பூச்சியம் வரிகள் மட்டும்.

பதிவு இல்லை என்றதும் கவுண்டரில் இருந்தவர்கள் புதிதாகப் பதிந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒரே இலக்கம் இரண்டு தடவை வராமல் தடுக்கும் யுனிக் கட்டுப்பாடு இருக்கத்தான் செய்தது, ஆனால் சிஎஸ் விதியில் இரண்டு வீயும் வேறு என்பதால் அதுவும் பேசாமல் விட்டது. அந்த அம்மாவின் பெயரில் இரண்டு பதிவுகள் உண்டாயின. ஒன்றில் பல வருடத் தவணைகள், மற்றதில் ஒன்றுமில்லை. அவர் வந்தபோது திறந்தது இரண்டாவது.

நாங்கள் பரிசோதிக்காமலா விட்டோம்? பரிசோதித்தோம். ஆனால் பரிசோதனைத் தரவுகள் எல்லாம் 12 இலக்கத்தில் இருந்தன, எழுத்தே இல்லாதவை. பழைய அட்டையோடு வருகிறவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்னும் வருத்தம்தான்.

கண்டுபிடித்தவர் எங்கள் தரவுத்தளத்தைப் பார்த்துக்கொண்ட அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர், முன்பு பல வருடம் ஒரக்கிள் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருளில் வேலை செய்தவர். அங்கே மேற்கோள் குறி இல்லாத டேபிள் பெயர் எப்படி எழுதினாலும் கெப்பிட்டலாக எடுத்துக்கொள்ளப்படும், உள்ளே இருக்கும் தரவுக்கோ வழக்கமாகக் கெப்பிட்டலும் சிம்பிளும் வேறு வேறு. அதனால் அவருக்குச் சந்தேகம் சீக்கிரம் வந்தது. நான் சினோனிமைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்று சொன்னார்: "தம்பி, பேரைப் பாக்காதையும். அந்தப் பேர் எங்க கொண்டுபோய் விடுதெண்டு பாரும்." சினோனிம்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றும் சுட்டும் கொலங்களின் கொலேஷனை எழுதி வைத்துப் பார்த்தோம். பத்து நிமிடத்தில் விஷயம் தெரிந்துவிட்டது.

திருத்தத்தான் நாள் எடுத்தது. தேடும் இடத்தில் கொலேட் சேர்த்துப் பார்த்தேன். விடை சரியாக வந்தது, ஆனால் கொலத்தின் மேல் வேறு விதியைப் போட்டால் அதன் இன்டெக்ஸில் (தேடலை வேகமாக்கும் சுட்டியில்) நேராகப் போய் எடுக்க முடியாது, முழுவதையும் வாசிக்க வேண்டும். திரை இழுபட்டது. இரு பக்கத்தையும் கெப்பிட்டலாக மாற்றி ஒப்பிட்டாலும் இதே கதைதான். கடைசியில் அந்த ஒரு கொலத்தை மட்டும் சிஐ ஆக்குவது என்று முடிவு செய்தோம். அதற்கு அதன் மேல் இருக்கும் இன்டெக்ஸையும் யுனிக் கட்டுப்பாட்டையும் முதலில் எடுக்க வேண்டும். திரும்பப் போட வேண்டுமானால், அதற்குள் இரட்டைப் பதிவுகள் ஒன்றுகூட மிஞ்சக் கூடாது.

இரட்டைகளை ஒரு குவெரியில் பிடித்தோம். சேர்ப்பதை மட்டும் குவெரியிடம் விடவில்லை. எந்தத் தவணை எந்தப் பதிவில் விழுந்தது என்று கிளைகளுக்குத் தொலைபேசியில் ஒவ்வொன்றாகக் கேட்டு, அவர்கள் ரசீதைப் பார்த்துச் சொல்லச் சொல்லச் சேர்த்தோம். கொட்டாஞ்சேனை அம்மாவின் பதிவை முதலாவதாக எடுக்கச் சொல்லி நான்தான் கேட்டேன். அன்று பின்னேரமே கிளையிலிருந்து அவருக்கு அழைப்புப் போனது.