உதிராத உப்பு

இன்று காலை உப்பு ஜாடியைக் கவிழ்த்துத் தட்டினேன். ஒன்றும் விழவில்லை. இன்னும் ஓங்கித் தட்டியதில் மூடியோடு மொத்தமும் தட்டில்.

வெப்பமண்டலத்துக்கு வந்து ஆறு வாரம். வெயிலுக்குத்தான் தயாராக வந்தோம். ஈரத்தை யாரும் நினைக்கவே இல்லை.

மூன்று நாளாகக் கொடியில் கிடக்கும் துண்டு இன்னும் காயவில்லை. கணவரின் தோல் பெல்ட்டில் பச்சையாகப் பூசணம். துடைத்து வைத்தால் நாலாம் நாள் மறுபடி.

உப்பைச் சொல்லியும் குற்றமில்லை. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே நீரை இழுத்துக்கொள்ளும். இங்கே தாண்டாத நாள்தான் அபூர்வம்.

மகளுக்குத்தான் பெரிய ஏமாற்றம். கோடை என்றால் ராத்திரி எட்டு மணி வரை வெளிச்சம் என்று நம்பி வந்தவள். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் ஆண்டு முழுக்கப் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம்தான். அந்தி என்று ஒன்று நின்று நிதானிப்பதும் இல்லை. நேற்று பந்து புதருக்குள் போனது, தேடுவதற்குள் இருட்டிவிட்டது.

“இங்கே கோடையே வராதாம்மா?”

சுவரிலிருந்த பல்லி ‘உச் உச்’ என்றது. நான் வாயே திறக்கவில்லை.